ரத்தத்தில் 0.3, பிறகு 1.3: என் கணவர் மாத்திரை போடுகிறாரா இல்லையா?

ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு 38 வயது. ஆறு வருடங்களுக்கு முன்னால் பத்து நாள் தூக்கமே இல்லாமல் அலைந்து, கையிருப்பையெல்லாம் செலவழித்து, கடைசியில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. இருதுருவ மனநிலை நோய் (பைபோலார்) என்று சொல்லி, மனநிலையை நிலையாக வைக்கும் மருந்தான லித்தியம் ஆரம்பித்தார்கள். 400 மில்லிகிராம் எஸ்.ஆர். (மருந்தை மெதுவாக வெளிவிடும்) மாத்திரை, இரவு ஒன்பது மணிக்கு இரண்டு. அன்றிலிருந்து நன்றாக இருக்கிறார். ரத்தத்தில் லித்தியம் அளவு எப்போதும் 0.7-ஐ ஒட்டியே வரும். சில மாதங்களுக்கு முன்பு திடீரென்று 0.3 வந்தது. மாத்திரையைத் தூக்கி எறிகிறார் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் இல்லை என்று சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. அதிலிருந்து இந்தச் சகோதரி தினமும் காலையில் ஒரு மாத்திரையைப் பொடித்து, அவருக்குத் தெரியாமல் காரச் சட்னியில் கலந்து கொடுத்துவருகிறார். இப்போது எடுத்த பரிசோதனையில் 1.3. அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு 'அதிகம்' என்று குறித்திருக்கிறார்கள். "இது விஷம், கிட்னி போயிடும்" என்று மாமனார் மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தி ஒன்பது நாள் ஆகிறது.

சகோதரி கேட்பது நான்கு. ரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லுமா? சுகர் டெஸ்ட் என்று சொல்லி அவருக்குத் தெரியாமல் மாதாமாதம் எடுக்கலாமா? 1.3-ஆல் கிட்னி கெட்டிருக்குமா? ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே எடுக்கும் மெடிக்கலில் இந்த மருந்து தெரிந்துவிடுமா?

கடிதம் வந்த அன்றே, உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று அவருக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே சிக்கலில் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அதனால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒன்பது நாள்

சகோதரி, நீங்கள் கேட்ட நான்குக்கும் முன்னால் இதை முடித்துவிட வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ரத்தத்தில் உள்ள லித்தியம் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகிவிடும். ஐந்தாறு நாளில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. ஆகவே உங்கள் கணவர் இப்போது மருந்தே இல்லாமல் இருக்கிறார். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் மேனியா, அதாவது முன்பு வந்ததுபோல் தூக்கமின்றி அலையும் மிகை எழுச்சி நிலை, திரும்பி வரும் ஆபத்து மெதுவாக நிறுத்தும்போது இருப்பதைவிட அதிகம். தற்கொலை எண்ணமும் கூடலாம். நிறுத்தியே ஆகவேண்டும் என்றாலும் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைப்போம்.

அதற்காக நீங்களே இன்று இரவு பழையபடி இரண்டு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, எவ்வளவில் ஆரம்பிப்பது என்று அவரை ஆறு வருடமாகப் பார்த்துவரும் மருத்துவர் சொல்லட்டும். இதைப் படிக்கும்போது இன்னும் போகவில்லை என்றால் நாளைக் காலையே கிளம்புங்கள். அதுவரை அவர் தூக்கத்தைக் கவனியுங்கள். மூன்று நான்கு மணி நேரமே தூங்கியும் சுறுசுறுப்பாக எழுந்தால், பேச்சு வேகமெடுத்தால், பெரிய பெரிய திட்டம் போட்டால், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். சாப்பிடாமல் ஒடுங்கிப்போனாலோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்று பேசினாலோ அப்படியேதான். நடு ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

0.3 சொன்னது என்ன?

சரி, அந்த 0.3-க்கு வருவோம். உங்கள் வீட்டில் எல்லாச் சண்டையும் அதிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

லித்தியம் ஓர் உப்பு. கல்லீரல் அதை உடைப்பதில்லை. வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போய், சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறுகிறது. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் அளவு உச்சத்துக்குப் போகும், பிறகு மணிக்கு மணி இறங்கும். மருத்துவர்களாகிய நாங்கள் சொல்லும் 0.6 முதல் 0.8 என்ற கணக்கு, கடைசி மாத்திரை போட்டுச் சரியாக 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்துக்கு மட்டுமே பொருந்தும். நேரம் மாறினால் அந்த எண்ணை ரிப்போர்ட்டில் அச்சிட்ட வரம்போடு ஒப்பிடவே முடியாது. லேப் ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம் இருக்கும், மாத்திரை போட்ட நேரம் இருக்காது.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில் இரண்டு விவரம் எழுதியிருக்கிறீர்கள். அந்த முறை அவர் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு ரத்தம் கொடுத்தார். முந்தின இரவு சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தார். இப்போது கணக்குப் போடுங்கள். பஸ்ஸிலும் மறக்காமல் ஒன்பது மணிக்குப் போட்டிருந்தால், மாலை ஆறுக்கு 21 மணி நேரம் ஆகியிருக்கும். வழக்கமான 0.7 இறங்கி 0.5 பக்கம் நின்றிருக்கும். பஸ் இரவில் மட்டும் போடவில்லை என்றால்? கடைசி மாத்திரை அதற்கு முந்தின இரவு போட்டது. 45 மணி நேரம். அளவு 0.3-ஐத் தொட்டுவிடும். தண்ணீர் குடித்தால் வழியில் இறங்க வேண்டி வருமே என்று பஸ்ஸில் மாத்திரையைத் தவிர்ப்பவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்றும் கவனியுங்கள். நாள்கணக்கில் மாத்திரையை எறிந்துகொண்டிருந்த மனிதருக்கு 0.3 வந்திருக்காது, ஏறக்குறைய பூஜ்யம் வந்திருக்கும். சில நாள் போட்டு சில நாள் விடுபவருக்கு 0.3 வரலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு இரவு தவறியதும் மாலையில் ரத்தம் எடுத்ததும் சேர்ந்தாலே அந்த எண் வந்துவிடும் என்னும்போது, ஒரு மனிதரைப் பொய்யர் என்று சொல்ல அந்தக் காகிதம் போதாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 0.7 வந்துவிட்டால் ஆள் ஒழுங்காகப் போடுகிறார் என்றும் சொல்லிவிட முடியாது. மூன்று மாதம் விட்டுவிட்டு, பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்னால் போட ஆரம்பித்தவருக்கும் அழகான எண் வரும். ரத்தம் கடைசி ஐந்தாறு நாள் கதையைத்தான் சொல்லும். மற்ற நாள்களைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவரிடம்தான் பேச வேண்டும்.

1.3 சொன்னது வேறு

நீங்கள் எழுதியிருப்பதை வரிசையாக வைக்கிறேன். இரவு அவருடைய இரண்டு மாத்திரை. காலை எட்டு மணிக்கு நீங்கள் கலக்கும் ஒன்று. பத்து மணிக்கு ரத்தம். அதற்கு முந்தின பத்து நாளாகப் பல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரை.

ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் என்பது உங்கள் கையால் 1200 ஆகியிருக்கிறது. லித்தியம் அளவு டோஸோடு நேர்விகிதத்தில் ஏறும். 0.7 என்பது இதிலேயே 1.05 பக்கம் போய்விடும். அதற்கு மேல், எஸ்.ஆர். மாத்திரை என்பது மருந்தை மெதுமெதுவாக வெளியே விடும்படி செய்தது. அதைப் பொடித்தால் அந்த ஏற்பாடு போய்விடுகிறது, மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம் அந்த உச்சத்தைப் பிடித்திருக்கிறது. மூன்றாவது, பல்வலி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையாக இருந்தால், அவை சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும். லித்தியம் போடுபவர்களுக்கு வலிக்குப் பாராசிட்டமால் போதும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். இந்த மூன்றும் சேர்ந்தால் 1.3 வர, சிறுநீரகம் கெட்டுத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இப்போது நீங்கள் யோசிக்காத ஒரு கோணம். அவர் இரவு மாத்திரையை எறிந்துகொண்டிருந்தார், உள்ளே போனது நீங்கள் கலந்த ஒன்று மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். உச்ச நேரத்தில் எடுத்தாலும் 1.3 வருவது மிகக் கடினம், அதில் பாதியை ஒட்டித்தான் வந்திருக்கும். அவர் தன் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவந்ததால்தான் உங்களுடையதும் சேர்ந்து அவ்வளவு ஏறியது. அவர் சத்தியம் செய்து சொன்னதை நீங்கள் நம்பவில்லை. அந்த 1.3 அவர் பக்கம் பேசுகிறது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தப் பத்து நாளை மறுபடி பார்க்கக் கூடாது என்ற பயத்தில் செய்தீர்கள், அது எனக்குப் புரிகிறது.

மாமனார் சொல்வதில் எவ்வளவு உண்மை?

அவர் பயம் காரணமில்லாததல்ல. லித்தியத்தில் பலன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடையில் தூரம் மிகக் குறைவு. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மேனியாவுக்கு இதைக் கொடுத்து முதன்முதலில் எழுதினார். அவர் தேற்றிய முதல் நோயாளியே மறு வருடம் லித்தியம் நச்சால் இறந்துபோனார். ரத்தத்தில் அளந்து அளந்து கொடுக்கும் வழக்கம் மெல்போர்னில் அதன்பிறகு வளர்ந்ததால்தான் இந்த மருந்து இன்றைக்கு நம் கையில் இருக்கிறது. பொதுவாக 1.5-க்கு மேல் நச்சு அறிகுறிகள் எதிர்பார்க்கலாம், 2-க்கு மேல் ஆபத்து. 1.3 என்பது டோஸை மறுபடி பார்க்கச் சொல்லும் எண். அதுவும் 12 மணி நேரக் கணக்கில் எடுத்திருந்தால்தான்.

ஆனால் எண்ணைவிட ஆள்தான் முக்கியம். வருடக்கணக்கில் போடுபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் குறைந்த அளவிலேயே நச்சு தெரியலாம். விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் லித்தியத்தில் சகஜம். டம்ளர் காபியைச் சிந்தாமல் தூக்க முடியாத அளவுக்குக் கை உதறினால், நடை தள்ளாடினால், நாக்கு குழறினால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால், ஆள் மந்தமாகிக் குழம்பினால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உங்கள் கணவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது.

கிட்னி விஷயம். பல வருடம் லித்தியம் எடுக்கும் சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு மெல்லக் குறைவது உண்மை. அளவு அடிக்கடி எகிறினால் அந்த ஆபத்து கூடும். ஒரே ஒரு 1.3-ஆல் கிட்னி போய்விடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை லித்தியம் அளவோடு கிரியாட்டினின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., கால்சியம் ஆகியவற்றையும் பார்த்துவந்தால் மாற்றம் தெரியும்போதே பிடித்துவிடலாம். வீட்டில் பார்க்க வேண்டியது உப்பும் தண்ணீரும்தான். திடீரென்று உப்பைக் குறைத்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாலோ, கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டினாலோ, பேதியானாலோ லித்தியம் ஏறும். மாமனார் பி.பி.க்கு மாத்திரை போடுவதாகச் சொன்னீர்கள். நாளைக்கு உங்கள் கணவருக்கும் பி.பி. வந்தால், எழுதிக்கொடுக்கும் மருத்துவரிடம் லித்தியம் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். டெல்மிசார்ட்டான், எனலாப்ரில், நீர் பிரியும் தயசைடு மாத்திரைகள் எல்லாம் லித்தியத்தை ஏற்றிவிடும்.

சட்னியில் கலப்பதும், சொல்லாமல் ரத்தம் எடுப்பதும்

இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். கலப்பதால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டீர்கள். மருத்துவருக்கு ஒரு டோஸ் தெரியும், உடம்புக்குள் வேறு டோஸ் ஓடும். 1.3-ஐப் பார்த்த மருத்துவர் காரணம் தெரியாமல் அவருக்கு ஒத்துப்போன டோஸையே குறைத்திருப்பார்.

மறைத்து எடுக்கும் பரிசோதனையால் மருத்துவ ரீதியாகவும் பயனில்லை. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று அவரைக் கேட்காமல் அந்த எண்ணைப் படிக்கவே முடியாது என்று மேலே பார்த்தோம். தெரியாமல் எடுத்தால் அதை எப்படிக் கேட்பீர்கள்? சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. இன்று உங்கள் கணவர் தெளிவாக இருக்கிறார். வேலைக்குப் போகிறார். அவருக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று தெரிந்துகொள்வது அவர் உரிமை.

அதே சட்டத்தில் உங்களுக்கு உதவும் வழியும் இருக்கிறது. தெளிவாக இருக்கும்போதே, மறுபடி நோய் முற்றினால் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பில் பேச உங்களைப் பிரதிநிதியாக நியமிக்கலாம். இதை இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் பயத்துக்கு இது முறையான மருந்து.

சட்னி விஷயத்தை அவரிடம் சொல்லத்தான் வேண்டும். தனியாகச் சொல்ல முடியாவிட்டால் மருத்துவர் முன்னால் சொல்லுங்கள். "பயந்துபோய் செஞ்சேன், நீங்க சொன்னத நம்பாம போனது என் தப்பு" என்று சொன்னால் போதும், விளக்கம் நீள வேண்டாம். கோபப்படுவார். கோபப்பட அவருக்குக் காரணம் இருக்கிறது. அதை நோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது

இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு ரத்தம். அரை மணி முன்பின் ஆனால் பரவாயில்லை. வெறும் வயிறு தேவையில்லை, அன்று காலை லித்தியம் மட்டும் போகக் கூடாது.

டோஸ் மாற்றினால் ஐந்து முதல் ஏழு நாள் அதே டோஸில் இருந்த பிறகே எடுக்க வேண்டும். மறுநாளே எடுத்தால் அந்த எண் இன்னும் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்.

ரத்தம் எடுக்கும் குழாயைப் பாருங்கள். பச்சை மூடிக் குழாய்களில் ரத்தம் உறையாமல் இருக்கப் பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின்தான் தடவியிருப்பார்கள். அதில் எடுத்தால் குழாயில் உள்ள லித்தியமும் சேர்ந்து அளவு பொய்யாக ஏறும். மாத்திரையே போடாதவருக்குக்கூட லித்தியம் இருப்பதாகக் காட்டும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசி மாத்திரை போட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம், அந்த வாரத்தில் விட்டுப்போன மாத்திரைகள், இடையில் போட்ட வேறு மருந்துகள். இவற்றை அவரே ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதட்டும். அந்த நாலு வரி இல்லாத ரிப்போர்ட்டைப் பார்த்து நான் டோஸை மாற்றுவதில்லை.

"உடம்பில் என்னென்ன மனநல மருந்து இருக்கிறது என்று மொத்தமாகப் பார்க்க முடியுமா" என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். வழக்கமான சிகிச்சையில் அதற்குத் தேவை இல்லை. செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளுக்கு டோஸைத் தீர்மானிக்க நாங்கள் வழக்கமாக ரத்த அளவு பார்ப்பதில்லை, ஆள் எப்படி இருக்கிறார் என்றுதான் பார்ப்போம். வால்ப்ரோயேட், கார்பமசெப்பின், க்ளோசபின் போன்ற சிலவற்றுக்கு அளவு பார்ப்பது பயன் தரும். க்ளோசபின் எடுப்பவர் சிகரெட்டை நிறுத்தினால் டோஸ் மாறாமலேயே ரத்த அளவு ஏறிவிடும், ஏனென்றால் அதுவரை புகைதான் கல்லீரலைத் தூண்டி மருந்தைச் சீக்கிரம் கரைத்துக்கொண்டிருந்தது. புகையை விடுவது நல்லதுதான், ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும்.

ஓசூர் வேலை

வேலைக்குமுன் சிறுநீரில் எடுக்கும் போதைப்பொருள் பரிசோதனை கஞ்சா, ஓபியம் வகை, ஆம்ஃபெட்டமின் போன்றவற்றைத் தேடுவது. லித்தியம் அதில் வராது. வழக்கமான ரத்தப் பரிசோதனையிலும் தனியாகக் கேட்டால் ஒழிய லித்தியம் பார்க்க மாட்டார்கள். தூக்கத்துக்கு லோரசெப்பம் போன்ற மாத்திரை ஏதாவது போட்டால் அது பென்சோடயசெப்பின் என்று காட்டலாம். அது குற்றமல்ல, மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருக்கட்டும். முதல்கட்டப் பட்டைப் பரிசோதனையில் சில சாதாரண மருந்துகளும் தவறாகப் 'பாசிட்டிவ்' காட்டுவது உண்டு. அப்படி வந்தால் துல்லியமான மறுபரிசோதனை கேட்கலாம். படிவத்தில் நேரடியாக நோய் பற்றிக் கேட்டால் பொய் எழுத வேண்டாம். ஆறு வருடமாக நிலையாக இருக்கிறார், வேலைக்குத் தகுதியானவர் என்று மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய சிகிச்சை விவரங்களை அவர் சம்மதமின்றி மருத்துவர் நிறுவனத்திடம் சொல்லக் கூடாது என்பதும் அதே 2017 சட்டத்தில் உள்ளதுதான்.

என் கவலை மெடிக்கலைப் பற்றியல்ல. நைட் ஷிப்ட் இருக்கிறதா? இருதுருவ நோய் உள்ளவருக்குத் தூக்கம் கெடுவது மேனியாவை இழுத்துவரக்கூடிய பெரிய காரணங்களில் ஒன்று. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறினால் இரவு ஒன்பது மணி மாத்திரையின் நேரமும் குழம்பும், 12 மணி நேரக் கணக்கும் குழம்பும். உலை பக்கத்தில் வேலை என்றால் வியர்வைக்கும் தண்ணீருக்கும் ஏற்பாடு பார்க்க வேண்டும். ஷிப்ட் என்ன, எந்தப் பிரிவு என்று அவரையே கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, இரண்டு ரிப்போர்ட்டுகளோடு அந்தச் சீட்டையும் அவர் கையிலேயே கொடுத்து அழைத்துப் போங்கள்.